அசையாமல் இருப்பவரைக் கண்டுபிடிக்கும் சென்சார் எது?

அப்பாவின் படிப்பறையில் தானாக எரிந்து தானாக அணையும் விளக்கு ஒன்றைப் பொருத்தியிருந்தேன். கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் பளிச்சென்று எரியும். வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஒரு மாதம் கழித்து, ஒருநாள் மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவர் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இடது கையைத் தூக்கி ஒரு வீசு வீசுகிறார். தாளிலிருந்து கண்ணை எடுப்பதுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "இல்லேன்னா லைட் அணைஞ்சிடும்பா" என்றார். அவருக்கு அது பழகியே போயிருந்தது.

அவருக்கு உதவ வைத்த சென்சாருக்கு அவர் உதவி செய்துகொண்டிருந்தார். சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்த அறைக்கு அதைத் தேர்ந்தெடுத்த நான்தான் தவறியிருந்தேன். அதன்பிறகு படித்ததையும், பிரித்துப் பார்த்ததையும், மாட்டிக் கழற்றியதையும் வைத்து, புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"ஆள் இருக்கிறார்" என்பதை நேரடியாக அளக்கும் சென்சார் எதுவும் கிடையாது. வெப்பத்தை அளக்கலாம், தூரத்தை அளக்கலாம், எடையை அளக்கலாம், காற்றில் கலந்திருக்கும் கரியமில வாயுவை அளக்கலாம். ஆள் இருப்பது என்பது இவற்றிலிருந்து நாம் ஊகித்துக்கொள்கிற ஒன்று. அதனால் எந்த சென்சார் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த அறைக்குள் வந்தவர் ஓரிடத்தில் அமர்ந்து அடங்கிய பிறகும் அவரிடம் எது மாறிக்கொண்டே இருக்கிறது?

நடந்துபோகிறவரிடம் எல்லாமே மாறுகிறது. எந்த சென்சாரும் அவரைக் கண்டுகொள்ளும். தட்டச்சு செய்கிறவரிடம் விரலும் மணிக்கட்டும் அசைகின்றன. படிப்பவரிடம் பக்கம் புரளும்போது மட்டும் அசைவு. தூங்குகிறவரிடம் மார்பு ஏறி இறங்குவது, உடம்புச் சூடு, மூச்சுக்காற்று, படுக்கையின் மேல் எடை, இவ்வளவுதான் மிச்சம்.

விற்பனைக்கு வரும் பெட்டிகளில் மோஷன் சென்சார், பிரசன்ஸ் சென்சார், ஆக்குபன்சி சென்சார் என்று பலவிதமாகப் போட்டிருப்பார்கள். பெயரை நம்பி வாங்கக் கூடாது. உங்களுக்கு வேண்டியது அசைவா, ஆள் இருக்கிறாரா என்பதா, எத்தனை பேர் என்பதா என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்று வேறு வேலைகள்.

பிஐஆர்: சூடு மாறினால்தான் தெரியும்

நம் தோலின் மேற்பரப்பு சுமார் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தச் சூட்டில் உள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கும். அதன் உச்சம் 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி வருகிறது. அப்பாவின் விளக்கில் இருந்த பிஐஆர் (பாஸிவ் இன்ஃப்ராரெட்) சென்சார் தானாக எதையும் அனுப்புவதில்லை, வருகிற கதிரை வாங்கிக்கொள்வதோடு சரி. பெயரில் முதலில் நிற்கும் "பாஸிவ்" என்ற சொல்லுக்கு அதுதான் பொருள்.

அதன் உள்ளே இருப்பது பைரோமின் பொருள். டூர்மலின் என்ற கல்லைச் சூடாக்கினால் அது சாம்பலை இழுக்கும் என்பதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்திருந்தார்கள். டேவிட் புரூஸ்டர் 1824இல் இந்தக் குணத்துக்குப் பைரோமின்சாரம் என்று பெயர் வைத்தார். இதில் நமக்கு முக்கியமான சேதி ஒன்று உண்டு. இந்தப் பொருள் சூடாக இருக்கிறது என்பதற்காக அதிலிருந்து மின்னூட்டம் வராது. சூடு ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமே வரும். ஏறிய சூடு அப்படியே நின்றுவிட்டால் சென்சாரும் மௌனமாகிவிடும். அப்பாவின் விளக்கு அணைந்ததற்கான முழுக் காரணமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அவர் உடம்பு கதிரை வீசிக்கொண்டுதான் இருந்தது. அது மாறவில்லை, அவ்வளவுதான்.

சென்சாரின் மேல் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபிரெனெல் லென்ஸ். ஒகுஸ்தன் ஃபிரெனெல் கலங்கரை விளக்கத்துக்காக உருவாக்கி, 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் பொருத்திய அதே யோசனைதான் இங்கே விரல் நகத்தளவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கட்டங்கள் அறையை விசிறி மடிப்புபோலப் பல பட்டைகளாகப் பிரிக்கின்றன. உள்ளே ஒன்றுக்கொன்று எதிராக இணைத்த இரண்டு உணரும் துண்டுகள் இருக்கின்றன. அறை முழுதும் மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒன்றாக மாறி ஒன்றையொன்று சமன்செய்துவிடும். ஓர் ஆள் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குக் கடந்தால் முதலில் ஒரு துண்டிலும் பிறகு மற்றதிலும் கதிர் விழும். மின்னழுத்தம் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் மின்சுற்று "அசைவு" என்று எடுத்துக்கொள்கிறது.

இது புரிந்துவிட்டால் பிஐஆரின் மற்ற குணங்களெல்லாம் தானாகப் புரியும். பட்டைகளைக் குறுக்கே கடப்பவரை அது உடனே பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவர் ஒரே பட்டைக்குள்ளேயே நடந்து வருவதால் தாமதமாகத்தான் பிடிக்கும். எனவே அதை வாசலுக்கு நேர் எதிரே மாட்டாமல், நடப்பவர் குறுக்கே போகும்படி பக்கச் சுவரில் மாட்ட வேண்டும். சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளத்தைக் கடக்க விடாது; அழகுக்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பிஐஆர் குருடாகிவிடும். மூடியைப் பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கில் செய்வதும் இதனால்தான். அறையின் வெப்பம் 34, 35 டிகிரியைத் தொட்டால் தோலுக்கும் சுவருக்கும் வேறுபாடு குறைந்து, பார்வை மங்கும். வெயில் வந்து விழும் தரை, சூடான காற்று ஊதும் துவாரம், ஓடும் நாய் பூனை ஆகியவை ஆள் இல்லாதபோதும் அதைத் தூண்டிவிடும்.

தொடங்குபவர்கள் கையில் முதலில் வந்து சேரும் ஹெச்சி-எஸ்ஆர்501 என்ற பிஐஆர் மாட்யூலில் (சென்சாரும் சுற்றும் சேர்ந்த சின்னப் பலகை) இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்று உணர்திறன், இன்னொன்று காத்திருக்கும் நேரம். சில நொடிகளிலிருந்து சுமார் 5 நிமிடம் வரை வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் கொடுத்ததும் ஒரு நிமிடம் போல அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த நேரத்தில் வரும் தவறான சமிக்ஞைகளைப் பார்த்துப் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். அது சுமார் 7 மீட்டர் வரை பார்க்கும்.

பிஐஆரை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மின்சாரச் சிக்கனத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சும்மா இருக்கும்போது 50 மைக்ரோஆம்பியர் அளவில்தான் எடுக்கும். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, சென்சாருக்கு மட்டும் என்றால், கணக்குப்படி 40,000 மணி நேரம் தாங்கும், நான்கரை ஆண்டு. நடைபாதை, மாடிப்படி, பொருள்கள் வைக்கும் அறை என ஆள் நிற்காமல் கடந்துபோகும் இடங்களுக்கு இதைவிட நல்லது தேட வேண்டியதில்லை.

ரேடார்: மூச்சைப் பார்ப்பது

உட்கார்ந்தும் படுத்தும் இருப்பவர்களுக்கு இன்று பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது மில்லிமீட்டர் அலை ரேடார். பெயரைக் கேட்டால் விமான நிலையம் நினைவுக்கு வரும். கையில் பார்த்தால் ஒரு தபால்தலையைவிடச் சிறியது.

1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன விளைவுதான் அடிப்படை. அலையை அனுப்பினால், நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். 24 கிகாஹெர்ட்ஸ் அலையில், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருபவர் 160 ஹெர்ட்ஸ் மாற்றத்தை உண்டாக்குகிறார். இது நடப்பவருக்கு.

உட்கார்ந்திருப்பவருக்கு வேறு கணக்கு. 24 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 மில்லிமீட்டர். அமைதியாக மூச்சு விடும்போது மார்பு 5 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலை போய்த் திரும்ப வேண்டும் என்பதால் பாதையின் நீளம் 10 மில்லிமீட்டர் மாறும். 12.5க்கு 10 என்றால் ஒரு முழுச் சுற்றில் ஐந்தில் நான்கு பங்கு. திரும்பி வரும் அலையின் கட்டம், அதாவது அலை தன் சுற்றில் நிற்கும் இடம், 288 டிகிரி சுழன்றுவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அசைவு ரேடாருக்குப் பெரிய ஆட்டமாகத் தெரிவது இப்படித்தான். ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். மெதுவாக, ஒரே தாளத்தில் வரும் இந்த ஆட்டத்தைத் தேடிப் பிடித்தால் ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

எல்லா ரேடாரும் இதைச் செய்யாது. ஆர்சிடபிள்யூஎல்-0516 போன்ற மலிவான மைக்ரோவேவ் மாட்யூல்கள் சுமார் 3.2 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. அலை நீளமானது, அசைவை மட்டுமே சொல்லும், தூரம் சொல்லாது, மெல்லிய சுவரைத் தாண்டி அடுத்த அறையில் நடப்பவரையும் பிடித்துக்கொள்ளும். பெயரில் ரேடார் இருக்கிறதே என்று இதை வாங்கி, உட்கார்ந்தவரைக் காட்டவில்லை என்று வருத்தப்படுபவர்கள் நிறையப் பேர்.

தூரமும் தெரிய வேண்டுமென்றால், அனுப்பும் அலையின் அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். திரும்பி வரும் அலை கொஞ்சம் பழைய அதிர்வெண்ணில் இருக்கும். எவ்வளவு பழையது என்பதிலிருந்து தூரம் கிடைக்கும். எவ்வளவு அகலமான அதிர்வெண் பட்டையில் ஏற்றுகிறோமோ அவ்வளவு நுணுக்கமாகத் தூரத்தைப் பிரிக்கலாம். 24 கிகாஹெர்ட்ஸில் வழக்கமாகக் கிடைக்கும் 250 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு 60 சென்டிமீட்டர் நுணுக்கம் வரும். 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் 4 கிகாஹெர்ட்ஸ் அகலம் கிடைத்தால் அது 4 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஓர் அறையில் ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்க 24 போதும். அருகருகே இருக்கும் இருவரைப் பிரிக்கவோ மூச்சின் எண்ணிக்கையை நம்பிக்கையாக எடுக்கவோ 60 பக்கம் போகலாம்.

அப்பாவின் அறைக்கு நான் அடுத்து வாங்கியது எல்டி2410 என்ற 24 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல். அது தூரத்தை 75 சென்டிமீட்டர் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண்கள் தருகிறது: அசைவின் வலு, அசையாத இருப்பின் வலு. ஒவ்வொன்றுக்கும் வரம்பு நாமே வைக்கலாம். பார்வை இருபக்கமும் 60 டிகிரி.

மாட்டிய முதல் நாள் மாலை அப்பா கையைத் தூக்காமல் ஒன்றரை மணி நேரம் படித்தார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் அன்று இரவு அவர் தூங்கப் போன பிறகும் படிப்பறையில் விளக்கு அணையவே இல்லை. கதவைச் சாத்தினேன், காத்திருந்தேன், எரிந்துகொண்டே இருந்தது. கணினியில் எண்களைத் திறந்து பார்த்தேன். 2.25 முதல் 3 மீட்டர் கட்டத்தில் மட்டும் வலு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டேப்பை எடுத்து அளந்தால் சென்சாரிலிருந்து 2.6 மீட்டரில் சன்னல் திரை. அணைக்க மறந்த மேசை விசிறியின் காற்றில் அது மெல்ல ஊதிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது, யாரோ மூச்சு விடுவதைப் போலவே. விசிறியை நிறுத்தியதும் அரை நிமிடத்தில் விளக்கு அணைந்தது.

ரேடாரின் பலமும் பலவீனமும் ஒன்றேதான். சில மில்லிமீட்டர் அசைந்தாலும் விடாது, அது யாருடைய அசைவு என்று பார்ப்பதில்லை. திரை, கூரை விசிறி, தொங்கும் செடி, துணி உலர்த்தும் கொடி எல்லாம் அதற்கு உயிருள்ளவைதான். நானும் சென்சாரைத் திரை தெரியாத பக்கம் திருப்பி, அந்தத் தூரத்துக்கான வரம்பையும் கொஞ்சம் ஏற்றினேன்.

கூரை விசிறி இருந்தால் மாட்டும் இடத்தை யோசிக்க வேண்டும். சுவரில் மாட்டி மேல்நோக்கிச் சாய்த்தால் இறக்கைகள் பார்வைக்குள் வந்துவிடும். கூரையிலேயே, முகம் கீழே பார்க்க, விசிறியின் நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளி மாட்டிப் பாருங்கள். இறக்கை கூரைக்குக் கீழே 30 சென்டிமீட்டரில் சுற்றுகிறது, அதன் நீளம் 60 சென்டிமீட்டர் என்றால், அருகில் வரும் முனைகூட நேர்கீழிலிருந்து 78 டிகிரி விலகி இருக்கும். 60 டிகிரிப் பார்வைக்கு அது வெளியே. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் இருப்பதால் முழுக்க ஒழியும் என்று சொல்ல முடியாது, பெருமளவு குறையும்.

இன்னொன்று மறக்கக் கூடாது. இந்த அலை மரத்தையும் பிளாஸ்டிக்கையும் ஜிப்சம் தடுப்பையும் கடக்கும். பெட்டிக்குள் ஒளித்து வைக்க அது வசதி. தடுப்புக்கு அப்பால் இருப்பவருக்கு அது வசதியல்ல. அவரைக் கேட்காமலேயே அவர் அசைவை நாம் பார்த்துக்கொண்டிருப்போம். தூர வரம்பை அறையின் சுவரோடு நிறுத்திவிடுவது நம் பொறுப்பு. மின்சாரத்திலும் ரேடாருக்கு வாய் பெரிது. எல்டி2410 சராசரியாக 80 மில்லிஆம்பியர் எடுக்கும். பிஐஆரை நான்கரை ஆண்டு தாங்கும் என்று சொன்ன அதே பேட்டரி இதற்கு ஒரு நாள்தான் வரும். சுவர் மின்சாரம் கட்டாயம்.

வெப்பப் படம்

பிஐஆர் சூட்டின் மாற்றத்தைப் பார்க்கிறது என்றேன். சூட்டையே பார்க்கும் சென்சாரும் உண்டு. தெர்மோபைல் (விழும் சூட்டை மின்னழுத்தமாக மாற்றும்) துண்டுகளைக் கட்டம் கட்டமாக அடுக்கியவை இவை. ஏஎம்ஜி8833 என்பதில் எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 புள்ளிகள். எம்எல்எக்ஸ்90640இல் 32க்கு 24, மொத்தம் 768 புள்ளிகள். சிலையாக உட்கார்ந்திருந்தாலும் சூடு சூடுதான், தெரிந்துவிடும். 64 புள்ளிப் படத்தில் முகம் அடையாளம் தெரியாது. வெதுவெதுப்பான ஒரு கறைதான் தெரியும். அந்தரங்கம் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏஎம்ஜி8833இன் பார்வை 60 டிகிரி. 2.5 மீட்டர் உயரக் கூரையில் கீழே பார்த்து மாட்டினால் தரையில் ஏறக்குறைய 2.9 மீட்டர் சதுரத்தைப் பார்க்கும். உட்கார்ந்திருப்பவர் தலை 1.2 மீட்டரில் இருந்தால், அந்த உயரத்தில் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 19 சென்டிமீட்டர். ஒரு தலை ஒரு புள்ளியை நிரப்பிவிடும், தெளிவாகத் தெரியும். அதையே சுவரில் மாட்டி 5 மீட்டர் தள்ளி இருப்பவரைப் பார்த்தால் ஒரு புள்ளி 72 சென்டிமீட்டர் ஆகிவிடும். தலை அதில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட வராது. தலைக்கும் சுவருக்கும் 7 டிகிரி வேறுபாடு இருந்தாலும் அந்தப் புள்ளி காட்டுவது அரை டிகிரி ஏற்றம்தான். அவ்வளவு சிறிய ஏற்றத்தை நம்பி முடிவெடுப்பது கடினம். தூரம் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை விட, அந்தத் தூரத்தில் ஒரு புள்ளி எவ்வளவு பெரியது என்பதே கேள்வி.

எழுந்துபோனவரின் சூடு நாற்காலியில் சில நிமிடம் தங்கும். மடிக்கணினியும் இப்போதுதான் இறக்கிய பாத்திரமும் ஆளைப் போலத் தெரியும். அறை சூடேறினால் பிஐஆருக்கு வரும் அதே மங்கல் இதற்கும் வரும்.

மற்றவை, சுருக்கமாக

கரியமில வாயு சென்சாரை ஆளறியப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். உட்கார்ந்திருக்கும் பெரியவர் மணிக்கு 20 லிட்டர் போல வெளியிடுகிறார். 30 கன மீட்டர் அறை என்றால் அது 30,000 லிட்டர் காற்று. காற்றோட்டமே இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 11 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 11 பங்கு) ஏறும். நல்ல சென்சார்களின் பிழையே 50 பிபிஎம்மைத் தொடும். ஏறிக்கொண்டே போகும் போக்கை வைத்து உறுதியாகச் சொல்ல ஐந்து பத்து நிமிடம் ஆகும். ஆள் போன பிறகோ நெடுநேரம் இறங்காது. விளக்குக்கு ஆகாது. காற்றை மாற்றும் விசிறியை எப்போது ஓட்டுவது என்பதற்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை, ஏனென்றால் அங்கே நமக்கு வேண்டியது ஆளே இல்லை, காற்றுதான். ஒரு எச்சரிக்கை: வேறு வாயுக்களை அளந்து கரியமில வாயுவைக் கணித்துச் சொல்லும் மலிவான சென்சார்கள் இருக்கின்றன, நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தால் அறையில் பத்துப் பேர் இருப்பதாகச் சொல்லும்.

மீயொலி சென்சார் காதுக்குக் கேட்காத ஒலியை, வழக்கமாக 40 கிலோஹெர்ட்ஸ் அளவில், அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. ஒலி சுவர்களில் பட்டுத் தெறித்துத் தடுப்புகளுக்குப் பின்னாலும் போகும் என்பதால் பல தடுப்புகள் கொண்ட கழிப்பறை போன்ற இடங்களில் பிஐஆர் தோற்கும்போது இது ஜெயிக்கும். நமக்குக் கேட்காத ஒலி நாய் பூனைகளுக்குக் கேட்கும் என்பதை வீட்டில் வைப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

லேசர் ஒளி போய்வரும் நேரத்தை அளக்கும் சென்சார்கள், விஎல்53எல்1எக்ஸ் போன்றவை, 4 மீட்டர் வரை அளக்கும். கதவு நிலையின் மேலே மாட்டி, பார்வையை முன், பின் என இரண்டாகப் பிரித்தால் யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று எண்ணலாம். எண்ணிக்கையில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒருவரைத் தவறவிட்டால் அந்தத் தவறு அதோடு போகாது, அன்று முழுதும் கூடவே வரும். மாலையில் காலி அறையில் ஒருவர் இருப்பதாக அது அடம்பிடிக்கும். ஆள் நிச்சயம் இல்லாத நேரத்தில் எண்ணைப் பூஜ்யமாக்கும் வழி இல்லாமல் இதை வைக்கக் கூடாது.

எடையை உணரும் பட்டையைப் படுக்கைக்கு அடியிலோ நாற்காலியிலோ வைப்பது பழைய முறை, நம்பகமான முறை. ஆள் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று என்றால் அதுவே போதும். கைபேசி வைஃபையில் இருக்கிறதா என்று பார்ப்பது கைபேசியைத்தான் கண்டுபிடிக்கும். வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்பதற்கு ஒரு துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், எந்த அறையில் என்பதற்கு வேண்டாம். கேமராவால் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் சொல்ல முடியும். அதிகம் சொல்வதுதான் சிக்கலும். படுக்கையறையிலும் குளியலறையிலும் கேமரா வைப்பதை, படம் எங்கேயும் போகாது என்று யார் உறுதி சொன்னாலும், நான் ஏற்க மாட்டேன்.

எந்தத் தவறு தாங்கும்?

எந்த சென்சாரும் இரண்டு விதமாகத் தவறும். இருப்பவரை இல்லை என்று சொல்லும், அல்லது இல்லாதவரை இருக்கிறார் என்று சொல்லும். ஒன்றைக் குறைக்கத் திருகைத் திருப்பினால் மற்றது கூடும். ஆகவே தேர்வு இங்கேதான் முடிவாகிறது.

மாடிப்படி விளக்கு வெறுமனே ஐந்து நிமிடம் கூடுதலாக எரிந்தால் நட்டம் அற்பம். படிக்கும்போது இருட்டாவது எரிச்சல். பூட்டிய வீட்டில் திருட்டு எச்சரிக்கை மணி காரணமில்லாமல் அடித்தால் நாலாவது முறை யாரும் எழுந்து வர மாட்டார்கள், அதன்பின் மணி இருந்தும் இல்லாததுதான். தனியாக இருக்கும் முதியவரின் அறையில், விழுந்து கிடப்பவரை "ஆள் இல்லை" என்று சென்சார் சொல்வதை எதனாலும் ஈடுகட்ட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே சென்சாரை நம்பவே கூடாது. தரையில் கிடப்பவரும் அதன் பார்வைக்குள் வருகிறாரா என்று படுத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டும். அதோடு மனிதர் ஒருவர் தினமும் விசாரிக்கவும் வேண்டும்.

பெரும்பாலான அறைகளில் இரண்டு சென்சாரைச் சேர்ப்பது ஒன்றை உயர்ந்த விலையில் வாங்குவதைவிட நல்ல பலன் தருகிறது. விளக்கை எரிய வைக்கும் உரிமையைப் பிஐஆருக்குக் கொடுங்கள். வேகமாக எழும், திரை ஆடினால் ஏமாறாது. எரிந்த விளக்கை அணையாமல் காக்கும் உரிமையை ரேடாருக்குக் கொடுங்கள். மூச்சு இருக்கும்வரை விடாது. இரண்டும் இல்லை என்று சொன்ன பிறகு ஒரு நிமிடம் பொறுத்து அணைக்கலாம். இதில் ஆடும் திரையால் ஆளில்லாத அறையில் விளக்கு தானாக எரியாது. எரிந்துகொண்டிருப்பதை அது நீட்டிக்க மட்டுமே முடியும்.

ரேடார் வாங்க மனமில்லை என்றால், ஒரே கதவு உள்ள சின்ன அறைக்கு இன்னொரு வழி உண்டு. வீட்டு மின்னணுவில் ஈடுபடுபவர்கள் இதைப் பெட்டிக்குள் குளவி என்பார்கள். கதவில் ஒரு காந்த சுவிட்சு, உள்ளே ஒரு பிஐஆர். கதவு மூடிய பிறகு ஒருமுறை அசைவு தெரிந்துவிட்டால் உள்ளே ஆள் இருக்கிறார். மறுபடி கதவு திறக்கும்வரை அவர் அசைந்தாலும் அசையாவிட்டாலும் இருக்கிறார். குளவி வெளியே வர வேறு வழியில்லையே. குளியலறைக்கு இது அருமையாகப் பொருந்தும். கதவைத் திறந்தே போடும் வீட்டில் வேலைக்காகாது.

மாட்டிய பிறகு என்ன செய்வது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். பசையோ திருகாணியோ போடாமல், காகித டேப்பால் சும்மா ஒட்டி வையுங்கள். சென்சார் சொல்வதை எல்லாம் நேரத்தோடு ஒரு நாள் முழுக்கப் பதிவாக விடுங்கள். அந்த நாளில் இரண்டு சோதனை. ஒன்று, அறையில் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், வழக்கமாக உட்காரும் விதத்தில், பத்து நிமிடம் புத்தகத்தோடு இருங்கள். நிமிர்ந்து சென்சாரைப் பார்க்காதீர்கள், பார்த்தாலே அசைவு. இரண்டு, விசிறியையும் காற்றையும் வழக்கம்போல ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போய்விடுங்கள். முதல் சோதனையில் பதிவு இடையில் அறுந்திருந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது சென்சாரையே மாற்றுங்கள். இரண்டாவதில் எண்கள் ஏறியிருந்தால் எந்தத் தூரத்தில் என்று பார்த்து, டேப்பால் அளந்து, அங்கே என்ன ஆடுகிறது என்று தேடுங்கள்.

அப்பாவின் அறையில் சென்சார் மூன்று இடம் மாறியது. இப்போது புத்தக அலமாரியின் மேல்தட்டில், நாற்காலியைப் பார்த்தபடி இருக்கிறது. அவர் கை மட்டும் சில வாரங்களுக்கு அவ்வப்போது தானாக எழும்பிக்கொண்டிருந்தது. இப்போது பக்கம் புரட்டத்தான் எழும்புகிறது.